தீப்பெட்டிக்குள் ஒரு வீடு

30 அடிக்கு 40 அடி மனையில் வீடு கட்டுவதென்று தீர்மானமான அன்றே, அதன் வரைபடத்தை நானே கம்ப்யூட்டரில் போட்டுவிட வேண்டும் என்ற விபரீத ஆசை எனக்கு உண்டாயிற்று. வரைவதில் கஷ்டம் இல்லை. வரைந்ததைப் பிறர் கண்ணில் காட்டுவதற்குத்தான் பகீரதப் பிரயத்தனம் தேவைப்பட்டது. என்னுடையது விண்டோஸ், பணம் போடும் மைத்துனருடையது மேக், யோசனை மட்டும் சொல்லும் மருமகனுடையதோ லினக்ஸ்.

முதலில் ஜேபெக்காக அனுப்பினேன். 1992-இல் பிறந்த அந்த வடிவம், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக அறுத்து, கண்ணுக்குத் தெரியாது என்று தான் கருதுவதையெல்லாம் கழித்துவிடும் சுபாவம் உடையது. மாலைச் சூரியனுக்கும் மணப்பெண்ணின் முகத்துக்கும் அது பொருத்தமே; வெள்ளைத்தாளில் கறுப்புக் கோட்டுக்கு அன்று. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மங்கலாகக் கறை படிந்து, அஸ்திவாரம் தோண்டுமுன்பே என் வீட்டுச் சுவர்களில் ஓதம் ஏறியிருந்தது.

பிஎன்ஜியில் கறை இல்லை. ஜிஃப் வடிவத்தின் காப்புரிமைத் தகராற்றில் சலிப்புற்றவர்கள் உண்டாக்கிய உத்தமமான வடிவம் அது. ஆனால் அளவைப் படிக்கலாமென்று மைத்துனர் படத்தைப் பெரிதாக்கியபோது, நான் வரைந்த இடத்தில் மட்டுமன்றி, சாய்ந்த கோடு ஒவ்வொன்றிலும் படிக்கட்டு முளைத்துவிட்டது.

"புள்ளியாக அனுப்பாதீர்கள் மாமா, கோடாக அனுப்புங்கள்" என்றான் மருமகன். வரைபட மென்பொருளான ஆட்டோகேடுடன் 1982-இல் வந்த டிஎக்ஸ்எஃப், கோடுகளை எண்களாகவே எழுதிவைப்பது. அந்த எண்கள் அடியா, அங்குலமா என்பதைச் சொல்லாமல் விடவும் அதற்கு உரிமை உண்டு. ஓர் அலகு ஓர் அடி என்று நான் மனத்துக்குள் வைத்திருந்ததை அவனுடைய கம்ப்யூட்டர் மில்லிமீட்டர் என்று அனுமானித்துக்கொண்டபடியால், மூன்று படுக்கையறையும் கூடமும் கொண்ட என் கிருகம் தீப்பெட்டிக்குள் அடங்கிப்போயிற்று.

அடுத்து அனுப்பிய, அதே கோட்டு இனத்தைச் சேர்ந்த எஸ்விஜியில் கோடுகள் கச்சிதமாக வந்தன. எழுத்துரு மட்டும் கூடப் போகவில்லை. ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழை ஒளித்துவைக்கும் பழைய எழுத்துருவில் நான் 'பூஜை அறை' என்று எழுதியிருந்தது, மேக்கில் வெறும் ஆங்கிலக் குப்பையாகக் காட்சியளித்தது. "அத்தான், இது எந்த தேவதையின் பீஜாக்ஷரம்?" என்று பவ்யமாகக் கேட்டார் மைத்துனர்.

இறுதியில் பிடிஎஃப்பைச் சரணடைந்தேன். 1993-இல் ஒரு கம்பெனியின் சரக்காகத் தோன்றி, 2008-இல் சர்வதேசத் தரமாகிவிட்ட அது, எழுத்துருவையும் தன் வயிற்றிலேயே சுமந்து சென்று, மூன்று யந்திரங்களிலும் ஒரேமாதிரி திறந்தது. அதன் ஒரே குறை, வரைந்ததை எளிதில் திருத்தவிடாமை. அதைக் குறையென்று நான் நினைக்கவில்லை.

மைத்துனர் நினைத்திருக்கிறார். மறுநாள் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பிடிஎஃப்பை அச்செடுத்து, சிவப்புப் பென்சிலால் சமையலறையை அக்கினி மூலைக்கு மாற்றி, கைபேசியில் புகைப்படம் பிடித்து அனுப்பியிருந்தார், ஜேபெக்காக. ஓதம், நிழல், அவருடைய கட்டைவிரல் எல்லாம் தெரிந்தன. சமையலறையும் தெளிவாகத் தெரிந்தது.