மாத்தளை மண், மாற்றான் கணக்கு

கிளவுட் என்பது ஏதோ நேற்றுப் பிறந்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தரவு ஓரிடம், கணக்கு வேறிடம், தப்பு நேர்ந்தால் பொறுப்பேற்க எவ்விடமும் ஆளில்லை. இந்த ஏற்பாட்டின் மூத்த வாடிக்கையாளர் தொலமி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவை விட்டு அசையாமலே இலங்கைக்குப் படம் போட்டவர். தரவு தந்தவர்கள் கடலோடிகளும் வியாபாரிகளும். சரக்கு விலையைப் போலவே தீவின் அளவையும் ஏற்றிச் சொல்லியிருப்பார்கள் போலும். நிஜ இலங்கையைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெருத்த ஒரு தப்ரபேன் (அவர் படத்தில் இலங்கையின் பெயர்) வந்து சேர்ந்தது. மாத்தளையை அதில் தேடாதீர்கள். மலைக்குக் கீழே யானை மேயும் இடம் என்று ஒன்றைக் குறித்திருக்கிறார், அந்தப் பக்கமாய் இருக்கலாம்.

கண்டி ராசாக்களின் கொள்கை தெளிவானது: பாதை வெட்டாதே, காட்டை அழிக்காதே, கடவைகளில் முட்கதவு போடு. ஃபயர்வால்! 1660இல் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் அதற்குள்ளே பத்தொன்பது வருடம் கிடந்தார். சில்லறை வியாபாரம் என்று சொல்லி ஊரூராய்ச் சுற்றி வழி பழகினார். 1679இல் தப்பி ஓடி, 1681இல் லண்டனில் படத்தோடு புத்தகமே போட்டுவிட்டார். ராசாவின் தரவு இப்படிக் கப்பலேறியது.

அடுத்து வெள்ளைக்காரத் துரைமார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பயிரில்லாத நிலமெல்லாம் முடிக்குரியது, இல்லையென்றால் நீயே நிரூபி என்றது. சேனைக்காரர் ஒரு போகம் விதைத்துவிட்டுச் சில வருடம் நிலத்தை ஆறப்போடுவார். 66 அடிச் சங்கிலியோடு வந்த அளவையாளருக்கு அது சும்மா கிடக்கிற நிலம். அளந்தார், கோடு போட்டார், போய்விட்டார். ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் காணி போனது. கோப்பி நட வாங்கியவர்களின் வரிசையில் ஆளுநரே நின்றார்.

1848இல் நாய்க்கும் துவக்குக்கும் வரி வந்தது. மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஜூலை 26 அன்று தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவை ராசாவாக்கி முடிசூட்டினார்கள். பிறகு கூட்டம் மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகளை ஒழித்துக்கட்டியது. பெக்கப் எடுத்துவைக்காத நிர்வாகம்! ஆனால் ஆளுநர் டொரிங்டனின் கையில் இராணுவச் சட்டம் இருந்தது. ஆகஸ்ட் 8 அன்று கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள்.

1972இல் லேண்ட்சாட் செய்மதி மேலே போனது. அது பார்த்த பல நேரம் மாத்தளைப் பக்கத்து நக்கிள்ஸ் மலை முகிலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. 2010இல் வந்த கூகுள் ஏர்த் எஞ்சினில் இதற்கு வழி உண்டு. பல வருடப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடு மதிப்பை எடுத்தால் முகில் கழன்றுவிடும். நம் மடிக்கணினி மூச்சு முட்டிச் சாகிற வேலை. எங்கோ ஒரு தரவு மையத்தில் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் பங்குபோட்டுச் செய்து தருகின்றன.

முகில் போன பிறகு என்ன தெரிகிறது? பலா, கித்துள், சாதிக்காய், அவற்றில் படர்ந்த மிளகு என்று அடர்ந்த வீட்டுத்தோட்டம். மேலிருந்து பார்த்தால் அதுவும் காடுதான். ஆச்சி மிளகு ஆய்ந்துகொண்டு நிற்கிற இடத்தில் இயந்திரம் "வனம்" என்று பச்சை பூசிவிடக்கூடும். அன்றைய அளவையாளராவது நேரில் வந்து தப்புப் பண்ணினார்.

கோப்பித் தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே கால்நடையாய் மாத்தளைக்கு வந்தவர்களின் வழிவந்தோர் பலர் இன்னும் லயத்தில்தான். அரசாங்கம் அவர்களுக்குப் பேசுகிற காணி 10 பேர்ச். லேண்ட்சாட்டின் ஒரு கட்டம் 30 மீற்றருக்கு 30 மீற்றர், ஏறத்தாழ 35.6 பேர்ச். மூன்றரைக் குடும்பத்தின் வாழ்நாள் கனவு ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அதை அளக்கச் செய்மதி எதற்கு, ஒரு நாடாவே போதும். காணி உறுதியில் கையெழுத்து வைக்கிற வேலைக்குத்தான் உலகில் எந்தச் சேர்வருக்கும் வேகம் போதவில்லை.