எண்ணலும் எண்ணல் நிமித்தமும்

பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளோடு துணை போகும் ஆசிரியரைப் பற்றித் தமிழில் இதுவரை ஒழுங்கான இலக்கணம் எழுந்ததில்லை. ஐந்து திணை வகுத்தவர்கள் ஆறாவதாக இதையும் வகுத்திருக்கலாம். அவர்கள் காலத்தில் பஸ் இல்லாத காரணத்தால் பொறுத்தருளலாம். அக்குறையை நீக்கவே இந்த ஆய்வு.

முதற்பொருளில் நிலமாவது காரங்காடு. ராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்தையும் தாண்டிப் போனால் வரும் மீனவர் ஊர். பாக் விரிகுடாவை ஒட்டி அலையாத்திக் காடு. ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரி. பொழுதாவது, பஸ் கிளம்புவதாகச் சொன்ன நேரத்தில் தொடங்கி, கடைசிப் பிள்ளையின் அப்பா பள்ளி வாசலுக்கு வந்துசேரும் வரை. கருப்பொருள்: தண்ணீர் பாட்டில், புளிச்சாதம், விசில், வாந்திக்கென்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சொருகிய பை, அதைத் தவிர்க்கும் நம்பிக்கையில் வாங்கிய எலுமிச்சம்பழம்.

உரிப்பொருளில்தான் சிக்கல். நெய்தலுக்கு இரங்கல் உரியது என்று இலக்கணம். கடற்கரையில் நின்று இரங்கியவள் ஒரே ஒருவனை நினைத்து இரங்கினாள். நாற்பது பிள்ளைகளை இறக்கிவிட்டு நிற்கும் ஆசிரியைக்கு இரங்க ஏது நேரம்? ஆகவே இத்திணைக்கு உரியவை எண்ணலும் எண்ணல் நிமித்தமும் என்று கொள்க. எண்ணல், தலை எண்ணுவது. எண்ணல் நிமித்தம், எண்ணிக்கை ஒன்று குறைந்ததும் வயிற்றுக்குள் நிகழ்வது.

இத்துறைக்கு முதல் நூல் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை. ஆற்றைக் கடந்த சீடன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஓர் ஆளை ஆறு கொண்டுபோய்விட்டதென்று அழுத வரலாறு எல்லோரும் அறிந்ததே. அதை நகைச்சுவை என்று வகைப்படுத்தியவர்கள் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணை போகாதவர்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து முதுகில் ஆளுக்கோர் அடி வைத்து எண்ணிக் கணக்கைச் சரிசெய்தான். அந்த முறையில் பிழை வர வழியே இல்லை. ஆனால் 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்துவிட்டதால், நாம் ஆள்காட்டி விரலை நம்ப வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை தவறுவது ஆசிரியையாலா, பிள்ளைகளாலா என்ற வினாவுக்கு விடை காண ஓர் ஒப்புநோக்கு தேவை. அதற்கென்றே அமைந்தது போல வழியிலேயே இருக்கிறது தேவிபட்டினம். அங்கே கடலுக்குள் நவக்கிரகங்களாக ஒன்பது கற்கள் நிற்கின்றன. முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் ஒன்பது. நீர் ஏறினால் சில முங்கும், வற்றினால் தெரியும். ஆனால் எதுவும் பக்கத்துக் கல்லோடு இடம் மாற்றிக்கொள்வதில்லை, எதற்கும் திடீரென்று ஒன்றுக்கு வருவதில்லை, எதுவும் எதிரே நிற்கும் வேறு பள்ளி பஸ்ஸில் ஏறி உட்கார்வதில்லை. அதே விரல், அதே கண். எனவே குற்றம் விரலில் இல்லை என்பது நிறுவப்பட்டது.

காரங்காட்டுப் படகுத்துறையில் நிலைமை இன்னும் முற்றுகிறது. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார்கள். உயிருக்கு அது காப்பு. எண்ணிக்கைக்கு அது கேடு. காலையிலிருந்து “சிவப்பு ரிப்பன்”, “பெரிய கண்ணாடி”, “பல்லு விழுந்தவன்” என்று மனத்தில் குறித்து வைத்த அடையாளங்கள் எல்லாம் ஒரே நிறத்துக்குள் அமுங்கிப்போகின்றன. படகு நகர்ந்ததும் இடப்பக்கம் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்கிறது. எல்லாத் தலைகளும் இடப்பக்கம் போகின்றன.

“டீச்சர், பிள்ளைகளை அங்கிட்டு இங்கிட்டுச் சாயாம உக்காரச் சொல்லுங்க” என்கிறார் படகுக்காரர்.

டீச்சர் சொல்கிறார். அதற்குள் வலப்பக்கம் கொக்கு. பதினேழு வரை வந்த எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருந்தால் இத்தனை பாடு இல்லையே எனின், அற்றன்று. பிள்ளைகளுக்கென்றே உலகில் முதலில் ஏற்பட்ட அருங்காட்சியகம் நியூயார்க்கின் புரூக்ளினில் 1899-இல் திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டாமல் கையில் கொடுத்துப் பார்க்கவிடுவதே இவ்வகை அருங்காட்சியகங்களின் கொள்கை. நம் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் சிறுவர்க்கென்று தனிப் பிரிவு உண்டு. இந்த வட்டாரப் பிள்ளைக்கு அது ஓர் இரவுப் பயணம். பக்கத்தில் என்றால் பேய்க்கரும்பில் 2017-இல் திறந்த கலாம் நினைவகம் இருக்கிறது. கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் உள்ள மண்டபம் இருக்கிறது. எங்கே போனாலும் துணை போகும் ஆசிரியையின் சொற்களஞ்சியம் மூன்றே சொல்: தொடாதே, ஓடாதே, எட்டிப் பார்க்காதே. தொடுவதற்காகவே கட்டிய கட்டடத்துக்குள்ளும் இதே மூன்றுதான்.

காரங்காட்டில் அந்த மூன்றும் செல்லாக்காசு. படகுக்காரர் கிளையை வளைத்து, “இந்த இலைய நக்கிப் பாருங்க” என்கிறார். எல்.கே.ஜி.யிலிருந்து ‘கண்டதை வாயில் வைக்காதே’ என்று ஓதி வளர்த்த டீச்சர் முகத்தில் அப்போது தோன்றும் மெய்ப்பாட்டுக்கு எட்டில் எதுவும் பொருந்தவில்லை. பிள்ளைகள் நக்கிவிட்டார்கள். “டீச்சர், உப்பு!” கடல்நீரோடு ஏறிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும் மரம் அது. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தது போல நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் மேலே வந்து சுவாசிக்கின்றன. ஐந்தாம் வகுப்பில் ஒரு மாதம் நடத்தினாலும் ஏறாத பாடம் ஒரு நக்கில் ஏறிவிட்டது. (பாடத்திட்டக் குழுவினர் இதைச் செயல்முறைக் கற்றல் என்று எழுதிக்கொள்ளலாம்.)

ஆனால் ஆசிரியை நக்கவில்லை. அவர் இருபத்து மூன்றில் இருந்தார். ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுவே: சுற்றுலாவுக்குப் போனவர்களில் எதையும் பார்க்காமல் திரும்புபவர் துணைக்குப் போனவர் மட்டுமே. காவல் கோபுரத்தில் ஏறிப் பிள்ளைகள் காட்டையும் கடலையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவர் பார்த்தது படிகளை. ஊர்ப் பெண்கள் வறுத்த மீன் வாசனையைப் பிள்ளைகள் ஆளுக்கொரு மூச்சு இழுத்துவிட்டுப் புளிச்சாதத்தைத் திறந்தார்கள். அவர் முகர்ந்தது எலுமிச்சம்பழத்தை.

இதில் மரங்களின் போக்கு ஆய்வாளரைச் சற்றே பொறாமைப்பட வைக்கிறது. அலையாத்தியின் விதை தாய் மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, பிறகு நீரில் விழுகிறது. எத்தனை விழுந்தது, எத்தனை சேற்றைப் பிடித்தது என்று மரம் எண்ணுவதில்லை. அதே மரத்தின் வேரடியில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீனுக்குத் தப்பி வளர்கின்றன. ஊரே நம்பிப் பிழைக்கும் அத்தனை குஞ்சுகளுக்கும் துணையாக நிற்கிற மரம், ஒருநாளும் விசில் ஊதியதில்லை.

ஆகவே கல்வித்துறைக்கு ஒரு விண்ணப்பம்: ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியர்களை மட்டும், பிள்ளைகள் இல்லாமல், அதே படகில் அனுப்புங்கள். அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகுத்துறையில் விரலைக் காற்றில் ஆட்டிக்கொண்டு உதட்டுக்குள் முணுமுணுக்கும் ஒருவரைக் கண்டால், தயவுசெய்து மணி என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.