ஆற அமர ஊர் பார்ப்பவர்

ஒரே நாளில் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் காட்டிவிடும் பஸ் கும்பகோணத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும். நம்மவர் தெரு ஓரமாக நின்று பல் தேய்த்தபடியே அதை வழியனுப்பி வைப்பார். பார்வையில் பரிதாபம் வழியும். ஒரு ராசியில் இரண்டரை வருஷம் உட்காருகிற சனி பகவானையே திருநள்ளாற்றில் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு ஓடப் போகிறவர்கள் அல்லவா! ஒன்பது கிரகங்களில் நம்மவர் மனதார மதிப்பது சனி ஒருவரைத்தான். சந்திரன் ராசிக்கு இரண்டேகால் நாள்தான் தங்குகிறது. அவர் கணக்கில் அது பேக்கேஜ் டூர்.

இவ்வளவு நிதானமும் சென்னைக்கு வெளியேதான். ஊரில் இருக்கும்போது சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிப்பவர், லிஃப்ட் வரப் பொறுக்காமல் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்குபவர், இதே மனிதர்தான். தாம்பரம் தாண்டியதும் எங்கிருந்தோ ஒரு சாந்தம் வந்து முகத்தில் அப்பிக்கொள்ளும்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். எக்ஸ்பிரஸ் தயாராக நின்றாலும் ஏற மாட்டார், பாசஞ்சர்தான் வேண்டும். பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம் என்று ஒவ்வொரு போர்டையும் வாய்விட்டுப் படிப்பார். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு எங்காவது நின்றுவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி.

“இந்த நிதானம் எங்க ஊர்ல காசு கொடுத்தாலும் கிடைக்காதுங்க” என்பார், பக்கத்தில் வாழை இலைக் கட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம்.

“இலை வாடுதுங்களே” என்பார் அந்த மனிதர், ஜன்னலுக்கு வெளியே சிக்னலைப் பார்த்தபடி.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கைடு யாராவது சொன்னால், மற்றவர்கள் அண்ணாந்து பார்த்து “அப்படியா!” என்று வியந்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். 1010-இல் குடமுழுக்குக் கண்ட கோயிலுக்கு ஒரு பகல் ஒதுக்கக் கூடாதா என்பது நம்மவர் கட்சி. காலையில் மேற்குப் பக்கம், சாயங்காலம் கிழக்குப் பக்கம் என்று இடம் மாறி மாறி உட்கார்ந்து ஆராய்ந்தார். 216 அடி விமானத்தின் நிழல், ஊரில் உள்ள மற்ற நிழல்களைப் போலவே தாராளமாகத் தரையில் விழுகிறது. இந்தக் கண்டுபிடிப்பை கைடு ரசிக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க அந்த நிழலிலேயே இருந்ததில் நம்மவருக்கு வெயில் தெரியவில்லை.

தாராசுரத்தில் நிலைமை முற்றிவிடும். இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய அந்தக் கோயிலின் சுவரில், குனிந்து பார்க்க வேண்டிய உயரத்தில், அறுபத்து மூவர் கதைகள் குட்டிக் குட்டிச் சிற்பங்களாக ஓடுகின்றன. நம்மவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு நாயனாராகக் குசலம் விசாரித்துக்கொண்டு நகர்வார்.

“ஏங்க, நடை சாத்தப் போறாங்க. முதல்ல சுவாமியைப் பார்த்துட்டு வந்துடலாமே.”

“சுவாமி எங்கே போயிடப் போறார்?”

சுவாமி எங்கும் போகவில்லைதான். குருக்கள் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குச் சாத்திய கதவு இனி நான்கு மணிக்குத்தான் திறக்கும். இந்த நான்கு மணி நேரம்தான் உண்மையான பயணம் என்று மனைவிக்கு விளக்கியபடி மண்டபத்தில் துண்டை விரிப்பார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்கும். (சுவாமிமலையில் சிற்பிகள் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வைப்பார்கள். மண் காய்வதையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க முடியும் என்பதை அந்தப் பட்டறைக்காரர்கள் நம்மவர் வந்த பிறகுதான் அறிந்தார்கள்.)

தன்னுடையது முழுக்க முழுக்கச் சுதந்திரப் பயணம் என்று அவருக்குப் பெருமை. டூர் கம்பெனி கிடையாது, ஹோட்டல் புக்கிங் கிடையாது. கும்பகோணத்தில் ஓர் அத்தான் உண்டு. அவர் பாவம், இரண்டு நாள் லீவு போட்டிருந்தார். ஐந்தாம் நாள் காலை, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார்: “மாப்ள, ரிட்டர்ன் டிக்கெட் என்னைக்கு?”

“ரிட்டர்ன் டிக்கெட்டோட கிளம்பறதெல்லாம் ஒரு பயணமா அத்தான்?”

உள்ளே அடுக்களையில் ஏதோ பாத்திரம் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது.

உள்ளூர்க்காரர்களுக்கு வேறொரு குழப்பம். வெளியூர் முகத்தைக் கண்டால் டீக்கடையில் முதல் கேள்வியே “என்ன பரிகாரம்ங்க?” என்பதுதான். சும்மா ஊர் பார்க்க வந்தேன் என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் யாரும் நம்புவதில்லை. வெளியே சொல்ல முடியாத கஷ்டம் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, குரலைத் தாழ்த்தி, கல்யாணத் தடையென்றால் திருமணஞ்சேரி, ராகு தோஷமென்றால் திருநாகேஸ்வரம் என்று வழி சொல்லத் தொடங்குவார்கள். நம்மவர் சிரித்து மறுப்பார். மூத்த பையனுக்கு இன்னும் பெண் அமையவில்லை என்பது நினைவிலிருப்பது மனைவிக்குத்தான். திருமணஞ்சேரி பஸ் எங்கே நிற்கும் என்று அந்த அம்மாள் தனியாக விசாரித்து வைத்துக்கொள்வார்.

இப்போது புதுத் திட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்ததும், அந்தத் தண்ணீரின் கூடவே, அதன் வேகத்திலேயே, கடல் வரைக்கும் போவது. கல்லணைக்கு வந்து சேரவே சில நாட்கள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிகிறது. எதோடு போவது என்று யோசிக்க ஒரு நாள். அப்புறம் வாய்க்கால் வாய்க்காலாக, மதகு மதகாக, அவசரமே இல்லாமல்.

நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு கடைமடை விவசாயியிடம் இதை விலாவாரியாக எடுத்துச் சொன்னார். வெடித்துக் கிடந்த வயலின் வரப்பில் நின்று அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நல்ல யோசனைங்க. நீங்க நிதானமாவே வாங்க. தண்ணியை மட்டும் கொஞ்சம் முன்னாடி அனுப்பிடுங்க.”