பேச்சுக்கு முந்தும் கை

கேள்வி: பேசத் தெரியாத குழந்தைக்குச் சைகை பழக்கினால் பேச்சு தாமதமாகுமா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: ஆகாது. பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 குழந்தைகளை 8 மாதம் முதல் 20 மாதம் வரை கவனித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். சைகை பழகியவர்களின் பேச்சு பிந்தவுமில்லை, முந்தவுமில்லை. ஆனால், தாய்மார்கள் பிள்ளையின் மனக்குறிப்பைக் கூர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். அதுதான் லாபம்!

உங்கள் பக்கத்து மதுரைக்குக் குழந்தையின் கைச்சைகை புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில், கைகொட்டும் சப்பாணிக்குத் தனிப் பருவமே உண்டு. மீனாட்சியே கைதட்டிப் பழகிய ஊர் இது!

‘பால்’, ‘போதும்’, ‘இன்னும்’ என மூன்று சைகைகளில் தொடங்கலாம். காட்டும்போது வாயாலும் சொல்ல வேண்டும். ‘போதும்’ என்று கைகாட்டும் பிள்ளைக்கு இன்னொரு வாய் திணிக்கக் கூடாது. ஒன்றரை வயதிலும் ஒரு சொல்கூட வராவிட்டால், குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது அவசியம்.