கீழ்க்கிளைத் தேக்கம்: லயத்து நத்தார் மரம் குறித்த ஓர் ஆய்வு

ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களில் டிசம்பரில் நிற்கும் நத்தார் மரம் எதை எடுத்தாலும், அதன் அழகெல்லாம் தரையிலிருந்து மூன்றடிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே வெறும் சைப்ரஸ் இலை. உச்சியில் பெரியவர் யாரோ கட்டிய ஒற்றை நட்சத்திரம். கீழேயோ ஒரே கிளையில் ஏழெட்டு உருப்படி தொங்க, கிளை கொழுந்துக் கூடை சுமந்தவரைப் போலக் கூனிக் கிடக்கும். இதற்குக் ‘கீழ்க்கிளைத் தேக்கம்’ என்று பெயரிடுகிறோம். முன்னோர் எவரும் இதை ஆராயவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

வரலாற்றைத் தொடாமல் ஆய்வு ஆய்வாகாது. மரத்தில் தொங்கும் கண்ணாடிக் குண்டுக்கு ஜெர்மனியின் தூரிங்கியாவிலுள்ள லவுஷா பேர்போன ஊர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கே குண்டு ஊதினார்கள். 1880களில் அமெரிக்க வியாபாரி வுல்வொர்த் அவற்றை வாங்கிக் குவித்தார். இங்கே கோப்பி செத்துத் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அதே தூரிங்கியாவில்தான், பிளாங்கன்பர்க் என்ற ஊரில், 1837இல் கல்வியாளர் ஃப்ரோபெல் உலகின் முதல் கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிப் பிஞ்சுக் கைகளில் மடிப்பதற்குக் கடதாசியைக் கொடுத்தார். உடையும் சாமானையும் உடைக்கும் வயதுக்கான பள்ளியையும் ஒரே வட்டாரம் உலகுக்குத் தந்தது தற்செயல் என்று நாம் நம்பத் தயாரில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் கண்ணாடிக் குண்டு காலையில் தொங்கினால் மத்தியானம் தரையில் கிடக்கும். ஆகவே நம் மூலப்பொருள் பால்மா பக்கெட். 400 கிராம் பக்கெட்டைப் பிரித்து, கழுவி, இஸ்தோப்புக் கொடியில் காயப்போட்டு, உட்புறத்தை வெளியே திருப்பினால் அசல் வெள்ளி. விரல் நீளத்துக்கு வெட்டி, முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பு மடித்து, நடுவில் நூலால் இறுக்கி, இரு பக்கமும் விரித்துவிட்டால் நட்சத்திரம். கழுவுவதற்கு முன் மூலையில் ஒட்டிய தூளை நக்கியெடுப்பது உற்பத்தியின் முதற்கட்டம். எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மாவுக்கு வரிசையில் நின்ற 2021, 2022ஆம் ஆண்டுகளை இத்துறையில் வெள்ளிப் பஞ்சக் காலம் எனலாம். கடதாசிக்கும் அப்போது அதே கதிதான்: 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. பிள்ளைகள் மட்டும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

பசை கோதுமை மாவில் காய்ச்சப்படுகிறது. இங்கே ஓர் எல்லைத் தகராறு உண்டு. கொஞ்சம் கெட்டியானால் அது ரொட்டி; கொஞ்சம் இளகினால் பசை. “திங்கிற மாவ ஏன்டா இப்பிடி வீணாக்குறீங்க?” என்ற அம்மாயியின் கேள்விக்கு ஐந்து வயது ஆய்வு உதவியாளர் ஒரு விரலை வாயில் வைத்துக்கொண்டு, வீணாகவில்லை என்று செய்முறையிலேயே நிரூபித்தார். உச்சி நட்சத்திரத்தின் மூங்கில் சட்டம் பெரும்பாலும் மே மாதத்து வெசாக் கூட்டிலிருந்து மீட்கப்பட்டது. கருப்பந்தைல மரத்துக் காயும் தேயிலைக் காயும் செலவில்லாத சரக்கு. பஞ்சுப் பனி பற்றி ஒரு வார்த்தை: நுவரெலியாவில் விடியற்காலை உறைபனி விழுந்தால் கொழுந்து கருகி, வேலைநாள் குறையும். மரத்தில் பனியைத் தூவிக் குதூகலிக்கும் அதே வீட்டில்தான் அசல் பனியைத் திட்டுகிறார்கள்.

உற்பத்தி அளவை நிறுத்துப் பார்க்கவும் முயன்றோம். தோட்டத்துத் தராசு வழக்கப்படி ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழித்ததில், பசை காயாத நட்சத்திரங்கள் பிள்ளைகளுக்கே கடன் வைத்தன. அளவீடு கைவிடப்பட்டது.

இனித் தேக்கத்தின் காரணம். எட்டாததால்தான் கீழே மாட்டுகிறார்கள் என்பது முதற் கருதுகோள். அது தோற்றது. தூக்கிப் பிடித்து உச்சிக் கிளையைக் காட்டினாலும் பிள்ளை கால் உதைத்து இறங்கி, பழைய கிளையிலேயே, தான் முன்பு மாட்டியதன் பக்கத்தில், பக்கத்துக் காம்பராப் பிள்ளை மாட்டியதை மறைத்து மாட்டுகிறது.

இதற்கு எதிர்விசை ஒன்று இரவில் இயங்குகிறது: அம்மா. தேயிலைச் செடிமேல் மட்டக்கம்பு வைத்து, மேற்பரப்பு ஒரே சீராக இருக்கும்படி பகல் முழுக்கக் கொழுந்து எடுத்த கை அது. ஒரு பக்கம் சாய்ந்த மரத்தைப் பார்த்தால் சும்மா இருக்குமா? பிள்ளை தூங்கியதும் இரண்டை மேலே, ஒன்றை வலப்பக்கம், ஒன்றைப் பின்னால் என்று பிரித்து மாட்டிவிட்டு, தள்ளி நின்று மட்டம் பார்ப்பார். காலையில் அவர் பிரட்டுக்குப் போனதும் எல்லாம் பழைய கிளைக்கே திரும்பிவிடும். இந்த இழுபறி ஒரு வாரத்துக்கு மேலும் நீடிப்பதுண்டு; இரு தரப்பும் இதுபற்றி ஒரு சொல் பேசுவதில்லை.

உதவியாளரிடம் நேரிலேயே கேட்டோம். “மேல மாட்டுனா எனக்கு எப்பிடித் தெரியும்? அங்க நட்சத்திரம் இருக்குறதே இப்பதான் பாத்தேன்” என்றார்.

அந்த நட்சத்திரத்தையும் கீழ்க்கிளைக்கு இறக்க வேண்டும் என்பது அவரது கோரிக்கை. அம்மாயி மறுக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது; கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தைப்பொங்கலுக்கு முன் இது முடியுமென்று தோன்றவில்லை.