பெனியனுக்குள் ஒரு சப்பாணி

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் எங்கும் இதுதான் வழக்கம். வீடு, வளவு, கிணறு, கிணற்றடி முருங்கை எல்லாம் பெண்ணின் பெயரில். நானும் ஒரு சூட்கேஸோடு வந்து சேர்ந்தவன்தான். கோழிகள் எனக்கு முந்தியே அங்கே குடியிருந்தன. மாமியின் உம்மா வளர்த்த கோழியின் வாரிசுகள். வளவில் தங்களுக்குப் பங்கு உண்டு, எனக்கு இல்லை என்பது அவற்றுக்கு நன்றாகத் தெரியும். என் செருப்பை மட்டும் தேடிப் பிடித்து எச்சமிடும்.

2022 மார்ச் தொடக்கத்தில் மாமி 13 முட்டைகளை அடை வைத்தார். எண்ணிக்கை ஒற்றையாக இருக்க வேண்டும். இடி முழங்கினால் கெட்டுப்போகாமல் இருக்கக் கூட்டுக்குள் ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் போட வேண்டும். படித்தவன் என்ற முறையில் நான் சிரித்தேன். இருபத்தோராம் நாள் பத்துக் குஞ்சுகள் பொரித்தன. இரண்டு கூழ்முட்டை. அந்த இரண்டும் என் சிரிப்பினால் கெட்டவை என்று தீர்ப்பாயிற்று. மிச்சம் ஒன்று ஓட்டில் சின்னத் துளையொன்று போட்டுவிட்டு, வெளியே வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பொருளாதார நெருக்கடியில் அந்த மாதம் நாட்டின் நிலைமை அப்படி. நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

பொரிக்கும் முன் குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு அந்தக் கட்டுச்சோறு போதும். பிந்தியவர்களுக்காகத் தாய் காத்திருப்பதும் அதுவரைதான். பிறகு பொரித்ததைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். எங்கள் ஊர் பஸ்கூட இன்னும் கொஞ்சம் நிற்கும்.

நான் ஓட்டை மெல்ல உடைத்து அதை வெளியே எடுத்தேன். அவசரப்பட்டு உடைத்தால் இரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஈரமாக, விரல் அளவில், ஏதோ நனைந்த பஞ்சு மாதிரி கிடந்தது.

“அது மௌத்தாப் போற குஞ்சு மருமகன், உட்டுப்போட்டு வாங்க” என்றார் மாமி.

அந்த வளவில் யாருக்கும் வேண்டாத ஓர் உயிர் கிடைத்தது அதுதான் முதல்முறை. எனதென்று வைத்துக்கொண்டேன்.

பிஸ்கட் பெட்டிக்குள் செய்தித்தாள் விரித்து அதை வைத்தேன். மறுநாள் இரண்டு கால்களும் பக்கத்துக்கொன்றாக விரிந்து, எழும்ப முடியாமல் கிடந்தது. வழுக்குகிற தாளில் நிற்கப் பார்த்தால் பிஞ்சுக் கால் அப்படித்தான் விலகிப்போகும். எந்தத் தாள் என்று எடுத்துப் பார்த்தேன். என் கட்டுரை வந்த பக்கம். நான் எழுதியதைப் படித்து எழும்ப முடியாமல் போன ஒரே ஆள் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். தாளை எடுத்துவிட்டுச் சாக்குத் துண்டை விரித்தோம். மருதமுனைக் கைத்தறிச் சாரனின் ஓரத்தைக் கிழித்து, இரண்டு கால்களும் நேராக நிற்கும்படி இடைவெளி விட்டு எட்டுப் போலக் கட்டினேன். சாரன் புதுசு. சப்பாணி என்ற பெயர் அன்றைக்கு விழுந்தது.

பிறந்த கிழமையில் குஞ்சுக்கு 35 பாகை சூடு வேண்டும். நமக்கு வியர்த்து வழிகிற இரவு அதற்குப் பனிக்குளிர். மின்குமிழைத் தாழ்த்திக் கட்டினால் போதும் என்பார்கள். நானும் கட்டினேன். அது எரியவில்லை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. குப்பிவிளக்கு ஏற்ற மண்ணெண்ணெய்க்கு வரிசை. வெந்நீர் போட கேஸுக்கு வரிசை. நாட்டில் வரிசையில்லாமல் கிடைத்த ஒரே சூடு என் உடம்புச் சூடு, 37 பாகை. பெனியனுக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 3ஆம் திகதி நோன்பு தொடங்கிவிட்டது. கோழி எச்சம் பட்ட உடுப்போடு தொழ முடியாது. ஐந்து நேரத் தொழுகை, அதன்மேல் தராவீஹ். அந்த மாதம் நான் மாற்றிய பெனியன்களைக் கொடியில் பார்த்துவிட்டு, வீட்டில் ஆம்பிளைகள் எத்தனை பேர் என்று பக்கத்து வீட்டு ராத்தா விசாரித்தாராம். ஸஹருக்கு எழும்ப மட்டும் மணிக்கூடு தேவைப்படவில்லை. மூன்றரைக்கு நெஞ்சுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் தூளாக்கி அதற்கு ஊட்டிவிட்டு, நான் பிளேன்டீ குடிப்பேன்.

“இஞ்சாருங்க, புள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த நேரம் ஒருநாள் கண்முழிச்சிருக்கீங்களா?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. நான் உறங்குவது போலக் கிடந்தேன்.

நாலாம் நாள் கட்டை அவிழ்த்தேன். சப்பாணி நின்றது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தது.

இதற்கிடையில் தாயோடு போன பத்தில் காகம் நாலைக் கொண்டுபோய்விட்டது. மீன் சந்தையில் கொழுத்த காகம் எங்கள் ஊரில் யாருக்கும் பயப்படாது. பூனை இரண்டு. ஒன்று கிணற்றில். மிஞ்சிய மூன்றில் ஒன்று சேவலாகி, சுபஹுக்கு இரண்டு மணி நேரம் முந்தியே கூவத் தொடங்கியது. சேவலை ஏசக் கூடாது, அது தொழுகைக்கு எழுப்புகிறது என்று ஹதீஸ் உண்டு. அதனால் யாரும் ஏசவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டை ஒன்றுக்கு 43 ரூபா என்று உச்ச விலை போட்டது. விலை வர்த்தமானியில் இருந்தது. முட்டை கடையில் இல்லை. டொலர் தட்டுப்பாட்டால் தாய்க் கோழிகளும் தீனிச் சோளமும் வருவது குறைந்து, பண்ணைக்காரர் பலர் கைவிட்டிருந்தார்கள். நான் சப்பாணியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். நவம்பரில் அவள் முதல் முட்டை இட்டாள், என் எழுத்து மேசையின் கீழே. சாரன், பெனியன் சவர்க்காரம், ஊட்டிய மஞ்சள் கரு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு முட்டையின் அடக்கவிலை வர்த்தமானிக்குள் அடங்காது.

2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. நாட்டுக்கு முட்டை அவசரமாகத் தேவைப்பட்ட அந்த மாதம் சப்பாணி இடுவதை நிறுத்திவிட்டு அடை கிடந்தாள். வருசத்துக்கு 300 முட்டை வரை இடும் பண்ணைக் கோழிக்கு அடை கிடக்கும் குணமே வராமல் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். நாட்டுக் கோழி பன்னிரண்டோ பதினைந்தோ இட்டுவிட்டுக் குந்திவிடும். கிட்டப் போனால் கொத்தும். என்னையும்தான். மாமி கரித்துண்டு கேட்டார். ஆணியை நானே தேடிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

இப்போது பக்கத்து வளவில் மகளுக்கு வீடு கட்டுகிறோம். தட்டுப் போட்டாயிற்று, பூச்சு வேலைதான் மிச்சம். சப்பாணியும் அவளுடைய ஐந்து பேடுகளும் மகளுக்கென்று மாமி சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வரப்போகும் மருமகனுக்கு ஒன்று: வலது காலை இழுத்து நடக்கும் கோழியை விரட்டாதீர்கள். சூட்கேஸுக்குள் பழைய பெனியன் நாலைந்து வைத்துக்கொண்டு வாருங்கள்.