ஒரு மகாநடிகனின் தாய் எழுதும் விண்ணப்பம்

மாட்சிமை பொருந்திய மறுபரிசோதனைக் குழுவினருக்கு,

கொல்லிமலை, திண்ணனூர் நாட்டிலிருந்து தாள்பணிந்த வணக்கம்.

போன வாரம் என் மகனைத் தங்கள் சந்நிதானத்துக்குக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தினேன். கோப்பிலிருந்து தலை தூக்காமலேயே, "தம்பி, எந்திரிச்சு நாலு அடி நடந்து காட்டுப்பா" என்று திருவாய் மலர்ந்தீர்கள். அவன் நடக்கவில்லை. பதினாறு வயதாகிறது, இன்னும் யார் சொல்லியும் நடந்ததில்லை. பெரியவர்கள் பேச்சை மதிக்காத பிள்ளை. "யாரும் பாக்காதப்ப எந்திரிப்பானாம்மா?" என்று அடுத்ததாகக் கேட்டீர்கள் பாருங்கள், அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. அடப்பாவி, இத்தனை வருஷமாக நடித்திருக்கிறான்!

எப்பேர்ப்பட்ட நடிப்பு! 'நவராத்திரி'யில் சிவாஜி ஒன்பது வேடம் கட்டினார், 'தசாவதார'த்தில் கமல் பத்து. ஆனால் அவர்களுக்கெல்லாம் இடைவேளை உண்டு. என் மகன் கட்டியது ஒரே வேடம், மூளை முடக்குவாதம். பிறந்தவுடன் அழாமல் இருந்ததிலிருந்து ஒரே டேக். கழுத்து நிற்காது, கேழ்வரகுக் கூழைக்கூடப் புரையேறாமல் விழுங்க முடியாது. வலிப்புக் காட்சிகளை நடுராத்திரியில்தான் வைத்துக்கொள்வான். டூப் கிடையாது. இவ்வளவு தேர்ந்த நடிகன் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோட்டை விடுவான்: அவன் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டால் வேடத்தை மறந்து சிரித்துவிடுவான். அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், முன்னேற்றம் என்று ஊனத்தின் சதவீதத்தைக் குறைக்க உதவும்.

இந்தக் கலைச்சேவைக்கு அரசு தந்துவந்த சம்பளம் மாதம் 2000 ரூபாய். 1500 ஆக இருந்ததை உயர்த்தினார்கள், நன்றி. நாள் ஒன்றுக்கு அறுபத்தாறு ரூபாய் சொச்சம். இந்தக் கோடிகளுக்கு ஆசைப்பட்டுத்தான் நாங்கள் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து நாடகம் போடுகிறோம் என்பதைத் தாங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அவனது ஊனச் சான்றிதழின் ஐந்தாண்டுக் கெடு முடிந்தது, பணம் நின்றது. மறுபடி பார்க்க வேண்டுமாம், இடையில் குணமாகியிருக்கலாமாம்.

படப்பிடிப்புக்கு வந்த விதத்தையும் கேளுங்கள். என் தோள் உயரத்துக்கு வளர்ந்தவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, காரவள்ளி அடிவாரம் வரை எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு தத்ரூபமாக வாந்தி எடுத்தான். தங்கள் முகாம் மாடியில் நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான முகாமை மாடியில் வைக்க எவ்வளவு ரசனை வேண்டும்! படியேறும் காட்சியை நான்தான் நடித்தேன், அவன் முதுகில் தொங்கினான்.

அடுத்தது கைரேகை. பதினைந்து வயதானால் ஆதாரில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் கை மூடியே இருக்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். தினமும் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி, பாட்டுப் பாடி, ஒவ்வொரு விரலாக நான் விரிக்கிறேன். அதைத் தங்கள் ஆள் ஒரே இழுப்பில் விரித்து மிஷினில் அழுத்தினார். அவன் கத்தினான். "கத்தாம பாத்துக்கம்மா" என்றார். ஐயா, அது நடிப்பில்லை. எலும்பு நோகிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 2017 விதிகளை நீங்கள் படித்ததுண்டா? ஊனத்தின் அளவு மாற வாய்ப்பில்லை என்றால் நிரந்தரச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. செத்த நரம்பு உங்கள் முத்திரைக்குப் பயந்து முளைக்குமா?

மன்னிக்க வேண்டும். மலைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். தாங்கள் கருணைக் கடல்.

ஒரு மகிழ்ச்சியான சேதி சொல்கிறேன். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர் ஆக்கும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. என் மகனைப் பஞ்சாயத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். இந்த மாநிலத்தில் நடிகர்கள் அரசியலுக்கு வருவது ஒன்றும் புதிதில்லையே. தவிர, அவன் பொய் வாக்குறுதி தந்ததாக யாரும் புகார் சொல்ல முடியாது.

எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாடி ஆடி வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவன், புலவர் வன்பரணர் பாடியிருக்கிறார். ஆடியவரை உட்காரவைத்து, "நிஜமாகவே கூத்தர்தானா? ஐந்து வருஷம் கழித்து மறுபடி வந்து ஆடிக் காட்டு" என்று அவன் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. விவரம் தெரியாத ராஜா.

அந்த ஓரிக்கு ஆடி 17, 18இல் செம்மேட்டில் அரசு விழா எடுக்கிறீர்கள். அன்றைக்கு ஜீப்புகள் எல்லாம் அந்த மலைப்பாதையில் சிரமமில்லாமல் ஏறி வருகின்றன. ஒரு ஜீப்பை எங்கள் திண்ணனூர் நாட்டுப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வாருங்கள், ராத்திரியே வாருங்கள், ஜன்னல் வழியாக ஒளிந்து நின்று பாருங்கள். என் மகன் எழுந்து நடந்தால் தயவுசெய்து என்னைத் தட்டி எழுப்புங்கள். உதவித்தொகை முழுவதையும் வட்டியோடு திருப்பித் தந்துவிடுகிறேன்.

நடக்கவில்லை என்றால் நிரந்தரச் சான்றிதழை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நின்றுபோன மாதங்களின் பணத்துக்கான உத்தரவும் சேர்த்து. எழுத மேசை கிடையாது. மிளகு காயப்போடும் களத்தில் பாய் விரிக்கிறேன். காபி எங்கள் தோட்டத்துக் கொட்டையில் போட்டது. முத்திரையை மறந்துவிடாமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கடாட்சத்துக்குக் காத்திருக்கும்
உதவி இயக்குநரும் தாயுமான ஒருத்தி